எந்த ஷெல்லும் என்மேல் விழவில்லை

என் இடது பாதம் பிறக்கும்போதே உட்பக்கம் திரும்பித்தான் இருந்தது. இதை முதல் வேலையாகச் சொல்லிவைத்துவிடுகிறேன். ஏனென்றால் நியூசிலாந்தின் இந்த ஆக்லாந்தில், கோயில் மண்டபத்திலிருந்து கலியாண வீடுகள் வரைக்கும், என் காலைப் பற்றி வேறொரு கதை உலாவுகிறது. அந்தக் கதை என்னைவிட வேகமாக நடக்கிறது.

அதைக் கட்டிவிட்டவர் என் அண்ணா. வேறு யாராவது கட்டியிருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு என் பாட்டுக்குப் போயிருப்பேன். அண்ணா என்பதால்தான் நெஞ்சு ஆறவில்லை.

அவரைப் பற்றி உள்ளதைச் சொல்லவேண்டும். சின்ன வயதில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். என்னை 'நொண்டி' என்று கூப்பிட்ட பொடியனின் மூக்கை உடைத்துவிட்டு, அதற்கு அதிபரிடம் பிரம்படி வாங்கி, வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஐஸ்பழமும் வாங்கித் தந்தவர். "உனக்குக் கால் திரும்பியிருக்கு, அவனுக்கு மூளை திரும்பியிருக்கு" என்பார். எங்கள் வீட்டில் யாரும் என் காலை மூடி மறைத்ததில்லை. விருந்தாளிகள் கேட்டால் அம்மா குரலைத் தாழ்த்தாமல் "பிறவியிலேயே அப்பிடித்தான்" என்பா. அப்படியே சொல்லவேண்டும் என்று அம்மாவிடம் சண்டை போட்டுப் பழக்கியதும் அண்ணாதான்.

இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் அவர்தான் முதலில் இங்கே வந்து சேர்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரே வீட்டில் அண்ணா, அண்ணி, அவர்களுடைய ஒரே மகள், பின்னறையில் நான். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒரு காலின் சப்பாத்து மற்றதைவிடத் தடிப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியோடு திரும்பிப் போனவை. அதற்காக நான் அழுது வடிந்துகொண்டிருந்ததாக யாரும் நினைக்கவேண்டாம். பல வருஷம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அதை மூடியதும், ஐம்பது வயதைத் தாண்டியபின், பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன்.

சேர்ந்தபோது வடக்கு ஐரோப்பாவின் மத்தியகாலம் என்று ஒன்று இருப்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. நான் படிக்க ஆசைப்பட்ட வகுப்பு, பல்கலைக்கழகம் இருக்கிற மேட்டின் அந்தப் பக்கம் நடந்தது. மழை நாளில் அந்தச் சரிவில் என் சப்பாத்து நிற்காது. கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே, லிஃப்ட் உள்ள கட்டடத்தில், இன்னொரு வகுப்பு இருந்தது. லிஃப்டில் ஏறினேன். மேலே போய் இறங்கினால் நோர்வேயும் ஐஸ்லாந்தும் டென்மார்க்கும் காத்துக்கொண்டிருந்தன. என் வாழ்க்கையில் முக்கியமான முடிவுகளை எல்லாம் இப்படித்தான் கால் எடுத்திருக்கிறது.

முதல் வாரமே விரிவுரையாளர் ஒரு எலும்புக்கூட்டின் படத்தைத் திரையில் போட்டார். ஏதோ ஒரு பழைய தேவாலய வளவில் தோண்டி எடுத்தது. வளர்ந்த பெண். பாத எலும்புகள் உட்பக்கம் திரும்பியிருந்தன. நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முந்தி, பனி கொட்டுகிற ஒரு ஊரில், என் கால் ஒருத்தியிடம் இருந்திருக்கிறது. "இவள் இந்த வயதுவரை உயிரோடு இருந்திருக்கிறாள் என்றால், யாரோ இவளுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள், குளிரில் நெருப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்" என்றார் அவர். அன்றைக்கே முடிவெடுத்தேன், என் ஆய்வு இதுதான் என்று.

அண்ணாவுக்கு ஹென்டர்சனில் குசினி அலமாரிகள் செய்கிற தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். அதனால் காலையில் அவர்தான் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவார். அந்தக் கார்தான் எனக்கு இரண்டாவது வகுப்பறை. படித்ததை எல்லாம் அவரிடம் கொட்டுவேன். அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டு "ஓம், ஓம்" என்பார். காதில் விழுகிறதோ இல்லையோ என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கும்.

"அண்ணா, அந்தச் சனத்திட்ட எங்களை எல்லாம் சேர்த்துச் சொல்ல ஒரு சொல்லே இல்லையாம். நொண்டிக்கு ஒரு சொல், குருட்டுக்கு ஒரு சொல், செவிட்டுக்கு ஒரு சொல். வேலை செய்ய முடியுமோ முடியாதோ, அதைத்தான் பாத்தவையாம்."

"ஓம்."

"பெரிய தலைவனுக்கும் உடம்பை வைச்சுத்தான் பேர். கோணக்கால் இன்னார், ஒற்றைக்கை இன்னார். முகத்துக்கு நேரே கூப்பிடுவினமாம்."

"எங்கட ஊரில மட்டும் என்னவாம்? பட்டப்பேர் இல்லாம ஒரு வீடு இருந்ததே?" என்று சிரிப்பார்.

அந்த எலும்புக்கூட்டைப் பற்றிச் சொன்ன நாளில் நன்றாகவே சிரித்தார். "அவளுக்குச் சோறு போட்ட ஆள் ஆர் தெரியுமே? நான்தான். போன பிறப்பிலயும் உன்னைக் கட்டி இழுத்திருக்கிறன்" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். ஆய்வின் முதல் பகுதியில் அந்தப் பெண்ணைப் பற்றி 'இவளை நேசித்தவர்கள் இருந்தார்கள்' என்று எழுதியபோது அண்ணாவின் முகம்தான் மனதில் இருந்தது.

எல்லாம் இனிப்பாகவும் இருக்கவில்லை. கிறிஸ்தவம் நோர்வேக்கு வந்த காலத்துச் சட்டம் ஒன்றை வாசித்தேன். பிறக்கிற பிள்ளை ஒவ்வொன்றையும் வளர்க்கவேண்டும், உடம்பு கடுமையாக மாறிப் பிறந்த பிள்ளையைத் தவிர. அந்த விலக்குக்கு அவர்கள் சொன்ன உதாரணங்களில் ஒன்று, குதிக்கால் இருக்கவேண்டிய இடத்தில் கால்விரல் இருக்கும் பிள்ளை. அதைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்ச் சாக விட்டுவிடலாம். நூலகத்தில் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அடுத்த நாள் காரில் சொன்னபோது அண்ணா ரேடியோவை நிறுத்தினார். "எங்கட அம்மா அப்பிடிச் செய்யேல்லை" என்றார்.

பிறகொரு நாள் அந்தக் காலத்துச் சண்டைகளில் காயப்பட்டவர்களைப் பற்றிச் சொன்னேன். சண்டையில் காலை விட்டவன் மரக்காலோடு விறைப்பாகத் திரியலாம். அது அவனுடைய வீரத்துக்குச் சாட்சி. பிறவியில் வந்த கால் என்றால் அப்படியில்லை. சிலவேளை தாய் என்ன பாவம் செய்தாள், தகப்பன் என்ன செய்தான் என்று கேள்வி வரும். "ஒரே கால்தான் அண்ணா. எப்பிடி வந்தது எண்ட கதைதான் வித்தியாசம்" என்றேன்.

"உண்மையே?" என்றார் அண்ணா.

அத்தனை மாதமாக அவர் பகிடியில்லாமல் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். நான் பூரித்துப்போய் இன்னும் விளக்கமாகச் சொன்னேன்.

அந்த வருஷம்தான் பிள்ளையின் கலியாணப் பேச்சு வந்தது. அண்ணாவின் மகள் இங்கே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், என்னை 'மாமி' என்று கூப்பிடுவது மட்டும் தமிழ். வேலை செய்யும் இடத்தில் ஒரு பெடியனை விரும்பியிருந்தாள். ஆக்லாந்தின் கிழக்குப் பக்கம் பக்குரங்காவில் இருக்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பம். நல்ல பெடியன், எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறதே! பிள்ளைகள் காதலித்தால் என்ன, கைகோத்துக்கொண்டு திரிந்தால் என்ன, தாய் தகப்பன் நாலு பேரிடம் போன் போட்டு விசாரிக்காமல் விடமாட்டார்கள். எந்த ஊர், ஆருடைய வழி, குடும்பத்தில் பரம்பரை வருத்தம், நோய் ஏதும் உண்டோ. பாஸ்போர்ட் மாறினாலும் இந்தக் கடைசிக் கேள்வி மாறவில்லை.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி ரோல்ஸ் பொரித்தா, கேசரி கிண்டினா. "நீங்கள் நெடுக எழும்பித் திரியாதேங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்று என்னை ஒரு கதிரையில் உட்காரவைத்தா. அண்ணா வந்து காதோடு, "காலைப் பற்றி ஏதும் கேட்டா நான் சொல்லுறன், நீ பேசாம இரு" என்றார். இதுவும் அந்த மூக்குடைத்த கைதான், எனக்காக முன்னுக்கு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி!

மாப்பிள்ளையின் தாய்க்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மெல்லிய ஆள், தலைக்கு மை பூசாத நரை. மணப்பெண்ணைக்கூடப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டா.

"தங்கச்சி, உங்களைப் பாக்கவேணும் எண்டுதான் வந்தனான். அண்ணை எல்லாம் சொன்னவர். என்ர தம்பியும் ஷெல்லிலதான் போனவன். பத்தொன்பது வயசு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீங்கள் எந்த இடத்தில நிண்டனீங்கள்? பங்கருக்குள்ள ஓட நேரம் கிடைக்கேல்லையோ?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அண்ணாவின் குரல் வந்தது.

"அவள் அதைக் கதைக்கமாட்டாள். கதைச்சா ரெண்டு நாளைக்கு நித்திரை இல்லை."

பிறகு அவரே கதைத்தார். மண்ணெண்ணெய் வாங்கச் சந்தைப் பக்கம் போனோமாம். கூவிக்கொண்டு ஷெல் குண்டு வந்ததாம். புழுதி அடங்கிப் பார்த்தால் நான் மதிலோடு கிடந்தேனாம். "நான்தான் தோளில போட்டுக்கொண்டு ஓடினனான். ஆசுப்பத்திரியில காலைக் கழட்டவேணும் எண்டவை. நான் விடேல்லை. வளைஞ்சாலும் பரவாயில்லை, கால் இருக்கட்டும் எண்டு அழுதனான்." அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பில்லை, உண்மையான தண்ணீர். தன் பொய்யைத் தானே நம்பி அழுதுகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி வந்து அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த அம்மா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு 'ப்ளீஸ்' என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என் காலைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியாது.

அவர்களுடைய கார் திரும்பியதும் நான் குசினிக்குள் போனேன்.

"வெக்கமா இல்லையே உங்களுக்கு? நாக்கூசாம என்ன கதை விட்டனீங்கள்!"

"சத்தம் போடாதை. விசாரிச்சவை. குடும்பத்தில ஆருக்கோ கால் வளைவாம், பிறவியோ எண்டு கேட்டவை. என்ன சொல்லச் சொல்லுறாய்? ஓம், பிறவிதான், நாளைக்கு உங்கட பேரப்பிள்ளைக்கும் வரலாம் எண்டு சொல்லட்டோ?"

"உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அம்மாவைச் சொல்லப் பழக்கினது நீங்கள்தானே."

"அது அப்ப. இது என்ர பிள்ளையின்ர வாழ்க்கை." அண்ணா சிங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "நீதானே சொன்னனீ. சண்டையில போன காலுக்கு மரியாதை, பிறவிக் காலுக்குக் கேள்வி எண்டு. காரில வைச்சு நீதானே விளக்கம் விளக்கமாச் சொன்னனீ."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். நான் ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்ததை எடுத்துத்தான் என்னை வெட்டியிருக்கிறார்.

பிள்ளை உள்ளே வந்து என் தோளில் கைபோட்டாள். "மாமி, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்டோரி. இட் மேக்ஸ் யூ அ ஹீரோ."

"எனக்கு ஹீரோ ஆக வேண்டாமடி. எனக்கு என்ர கால் வேணும்" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்கினாலும் அவளால் என்ன செய்யமுடியும், கலியாண ஹோல் பிடித்தாயிற்று.

அடுத்த நாளிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். அண்ணா காரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு ஹோர்ன் அடிப்பார். நான் குடையை விரித்துக்கொண்டு அதைக் கடந்து போவேன்.

கோயிலில்தான் புதினம். முன்பு என்னைக் கண்டால் "பாவம்" என்று முணுமுணுத்து வழிவிடுகிறவர்கள், இப்போது கைகூப்பினார்கள். கதிரை கொண்டுவந்து போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண் ஓடிவந்து, "அக்கா, உங்க கதையைக் கேள்விப்பட்டேன். என்ன தைரியம் உங்களுக்கு! நானா இருந்தா செத்தே போயிருப்பேன்" என்றாள். அதே கால், அதே சப்பாத்து. கொஞ்ச நேரம், உள்ளதைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக என் காலை ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிடித்திருந்ததே என்பதை நினைக்க நினைக்கத்தான் அண்ணாமேல் ஆத்திரம் இன்னும் கூடியது. இவ்வளவு மரியாதையும் இவர்களிடம் எப்போதும் கைவசம் இருந்திருக்கிறது. பிறவிக் காலுக்குத்தான் தர மனமில்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தா.

"தங்கச்சி, வாற சனிக்கிழமை தம்பியின்ர ஆண்டுத் திவசம். நீங்கள் வந்து விளக்கை ஏத்தவேணும். அதே மாதிரி ஷெல்லுக்குள்ள நிண்டு தப்பி வந்த ஆள் நீங்கள். உங்கட கை பட்டா அவன்ர ஆத்மா சாந்தியடையும்."

நான் "வாறன் அக்கா" என்றேன். விளக்கை ஏற்றுவதற்காக இல்லை. செத்துப்போன பிள்ளையின் முன்னால் அந்தப் பொய்யோடு நிற்க என்னால் முடியாது. ஷெல் யார்மேல் விழுந்தது என்பது எங்கள் சனத்துக்கு விளையாட்டா? அந்த அம்மாவிடம் தனியாக உண்மையைச் சொல்லிவிடுவது, கலியாணம் நடந்தால் நடக்கட்டும், நின்றால் நிற்கட்டும் என்று தீர்மானித்தேன். எனக்குள் ஒரு நம்பிக்கையும் இருந்தது. என் கையை அப்படிப் பிடித்து அழுத மனுசி, உண்மையைச் சொன்னாலும் பிடிப்பா என்று.

பக்குரங்காவுக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும், மழை வேறு. அன்றைக்கு மட்டும் அண்ணாவின் காரில் ஏறினேன். அண்ணியும் பிள்ளையும் முந்தியே போய்விட்டார்கள். வழியெல்லாம் அவர்தான் கதைத்தார், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பான்மூர் பாலம் கடக்கும்போது, "இண்டைக்கு ஒருநாள் மட்டும். பிள்ளைக்காக. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார். நான் "ஓம், ஓம்" என்றேன், அவர் எனக்குச் சொல்லுகிற அதே மாதிரி.

வீடு நிறைய ஆட்கள். ஹோலில் மாலை போட்ட படம். சிரிக்கத் தொடங்கி முடிக்காத மாதிரி ஒரு பெடியனின் முகம். முன்னால் படையல், திரியிட்ட குத்துவிளக்கு. நான் குசினிக்குள் போனேன். அந்த அம்மா பாயசத்தை இறக்கிக்கொண்டிருந்தா. நாங்கள் இரண்டு பேரும் மட்டும்தான்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். எனக்கு ஷெல் விழேல்லை. என்ர கால் பிறக்கேக்கையே இப்பிடித்தான். அண்ணா சொன்னது பொய்."

அவ அகப்பையைக் கீழே வைத்தா. என்னைப் பார்த்தா, என் சப்பாத்தைப் பார்த்தா. நான் கையை நீட்டியபடி நின்றேன். அவ கையைச் சேலையில் துடைத்துக்கொண்டா, நீட்டிய என் கையைப் பிடிக்கவில்லை.

"பிறவியோ?"

"ஓம்."

"உங்கட வழியில வேற ஆருக்கும் இருக்கோ?"

அந்தக் கேள்விதான் வந்தது. தம்பியைப் பற்றி இல்லை, பொய்யைப் பற்றி இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. "எனக்குத் தெரிய இல்லை" என்றேன்.

அவ கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினா. "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. என்ர மனுசனுக்கும் சொல்லாதேங்கோ. கலியாணக் காட் அடிச்சுக் குடுத்தாச்சு. சொந்தக்காரர் எல்லாரும் உங்களைப் பாக்கத்தான் வந்திருக்கினம். வாங்கோ, வந்து விளக்கை ஏத்துங்கோ."

"உங்கட தம்பியின்ர படத்துக்கு முன்னாலயோ அக்கா?"

"அவன் போயிட்டான். இருக்கிற பிள்ளையளைப் பாக்கவேணும்."

அவ முன்னால் நடந்தா. நான் பின்னால் போனேன். வேறு எங்கே போவது? ஹோலில் எல்லாரும் எழும்பி வழிவிட்டார்கள். "இவதான்" என்று அவ சொன்னா, குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. யாரோ என் கையில் தீப்பெட்டியைத் தந்தார்கள்.

படத்திலிருந்த பெடியன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் மட்டும் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் திரும்பி, சுவரோடு ஒட்டி நின்ற அண்ணாவிடம் தீப்பெட்டியை நீட்டினேன்.

"நீங்கள் ஏத்துங்கோ அண்ணா. தூக்கிக்கொண்டு ஓடினது நீங்கள்தானே."

"ஓம், அதுதான் சரி, அண்ணைதான் ஏத்தவேணும்" என்று சனம் சொன்னது. அண்ணா என்னைப் பார்த்தார். சைக்கிள் பாரில் என்னை ஏற்றிய நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை. நான் தீப்பெட்டியை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. பாவம், எவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறார் என்று யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மாப்பிள்ளையின் தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. கடைசியில் விளக்கு எரிந்தது.

நான் சாப்பிடாமல் வெளிக்கிட்டேன். அண்ணா வாசல்வரை ஓடிவந்து, "மழை பெய்யுது, காரில ஏறு" என்றார். பக்குரங்கா பிளாசாக் கடைகளுக்கு முன்னால் பஸ் வரும்வரை நனைந்துகொண்டு நின்றேன்.

கலியாணம் நடந்தது, நன்றாகவே நடந்தது. முன்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தார்கள், பிள்ளைக்காகப் போய் இருந்தேன். இந்த ஊர் வீட்டு வாடகைக்குத் தனியாகப் போய் இருக்க எனக்கு வழியில்லை, அதனால் அதே பின்னறையில்தான் இருக்கிறேன். அண்ணா இப்போதும் ஷிஃப்டுக்குப் போகுமுன் எனக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறார். நான் அதைச் சாப்பிடுகிறேன். நாங்கள் கதைப்பதில்லை.

ஆய்வைத் திருத்தும்போது அந்த எலும்புக்கூட்டுப் பெண்ணிடம் திரும்பப் போனேன். 'இவளை நேசித்தவர்கள் இருந்தார்கள்' என்ற வசனத்தை வெட்டினேன். 'இவளுக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள் இருந்தார்கள்' என்று மட்டும் எழுதினேன். அவ்வளவுதான் எலும்பு சொல்லும். அயலில் போய் அவளைப் பற்றி என்ன கதை சொல்லி வைத்தார்கள் என்பதை எலும்பு சொல்லாது. ஆனால் அவளுடைய கால் பிறவிக் கால் என்பதை மட்டும் அது இத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் ஆட்கள் செத்தவர்களை எரித்துவிடுவார்கள். என் செத்தவீட்டில் யாராவது எழும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஷெல் கதையைச் சொல்லுவார்கள். இல்லை என்று சொல்ல என் எலும்புகூட மிஞ்சாது. அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன்.